அறுபது காலடி

அவர் யாரையும் மன்னித்ததாக எனக்குத் தெரியாது. கோபக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரரே ஒருவர். கத்துவார்கள், கோப்பையைப் போட்டு உடைப்பார்கள், அடுத்த மாதம் அதே ஆளோடு ஒரே மேசையில் இருந்து புரியாணி சாப்பிடுவார்கள். அண்ணை அந்த வகை இல்லை. அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. பட்டதை மனதில் அளந்து வைத்திருந்து, எத்தனை வருஷம் போனாலும் அதே அளவில் திருப்பிக் கொடுப்பார். கூட்டியும் கொடுக்கமாட்டார், குறைத்தும் கொடுக்கமாட்டார்.

ஜேர்மனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வந்த புதிதில் குரோய்டனில் விசா அலுவலகத்துக்கு முன்னால் குளிரில் வரிசையில் நின்றபோது, ஒருவன் அவருக்கு முன்னால் புகுந்துவிட்டான். அண்ணை அவன் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார். பதினொரு வருஷம் கழித்து ஹவுன்ஸ்லோவில் ஒரு கலியாணத்தில் அந்த ஆளைக் கண்டார். சாப்பாட்டு வரிசையில் போய் அவனுக்கு முன்னால் புகுந்து நின்றார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர், பசி போல என்று வழிவிட்டிருக்கிறான். அன்றைக்கு இரண்டு தரம் சாப்பிட்டதாக அண்ணையே எனக்குச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி.

லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், எங்கள் தெருவில்தான் இருந்தார், இரண்டு வீடு தள்ளி. பஸ் ஓட்டினார். தெருவில் எல்லோருக்கும் அண்ணை. எனக்கும் அண்ணைதான். என் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தபோது ஷிப்ட் முடிந்து வந்த உடுப்போடு அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவர். அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் நடந்தது என்று நான் சொல்வதுண்டு. மற்ற நாட்கள் எல்லாம் அந்த நாளுக்குப் பழி வாங்கப் போனவை.

எங்கள் ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் கோடையில் கிரிக்கெற் ஆடுவார்கள். மற்றக் கல்லூரிக்காரரும் வருவார்கள். ஆண்களுக்கு மட்டையும் பந்தும், எங்களுக்கு அடுப்பும் தட்டும். எல்லைக்கு வெளியே மடக்கு மேசைகளைப் போட்டு ரோல்ஸ், கட்லற், தேத்தண்ணீர் என்று பரப்பிவிடுவோம். ரோல்ஸ் மேசை என்னுடையது. அண்ணை எங்கள் அணியில் பதினோராவது ஆள். ஆள் போதாத வருஷங்களில் சேர்ப்பார்கள். நாற்பது வயது, முன்னால் வயிறு, கைக்கு வந்த பந்து தங்காது. ஓட்டைக் கை என்றுதான் பெயர். அதனால் பந்து அதிகம் வராத மேற்கு மூலையில், என் மேசைப் பக்கமாக நிறுத்திவைப்பார்கள்.

ஆனால் ஒரு வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. கவுன்சில் மைதானத்தில் எல்லைக்கோடு கிடையாது. காலையில் எல்லோருக்கும் முதல் வந்து, விக்கெற்றில் இருந்து அறுபது காலடி எண்ணி நடந்து ஒரு செம்மஞ்சள் பிளாஸ்டிக் கூம்பு, கோன் என்போம், அதை வைப்பார். திரும்ப நடுவுக்குப் போவார், அடுத்த திசையில் அறுபது. இப்படியே மைதானம் முழுக்கச் சுற்றி வருவார். ஒரு கோனில் இருந்து அடுத்த கோனுக்கு நேராகக் கோடு போட்டால் அதுதான் எல்லை. காலடியில் அவர் பிழை விட்டதே இல்லை என்பார்கள்.

அந்த வருஷம் எப்படியோ இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். கடைசிப் பந்து. எதிர்ப் பக்கத்துக்கு வெல்ல நாலு ஓட்டம் வேண்டும். பந்து போட்டது என் வீட்டுக்காரர். அடித்தது அம்பயரின் தமக்கை மகன். அம்பயர் என்றே அவரையும் சொல்லிவிட்டுப் போகிறேன். கோட் போட்ட கணக்காளர், எந்தக் கூட்டத்திலும் முன் கதிரையில் இருப்பவர், தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்.

எனக்குக் கிரிக்கெற் தெரியாது. ஆனால் அந்தக் கேட்ச்சை, அந்தப் பிடியை, மிகக் கிட்ட இருந்து பார்த்தவள் நான். பந்து உயரப் போனது. அண்ணை முதலில் இரண்டு அடி முன்னுக்கு வந்தார். பிழை என்று கண்டதும் திரும்பி ஓடி வந்தார். அந்த வயிற்றோடு அவர் அப்படி ஓடி நான் முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டே தலையைத் திருப்பி, இடது கையை மட்டும் நீட்டிப் பாய்ந்தார். ஆள் புல்லில் விழுந்து வழுக்கிக்கொண்டு வந்து என் மேசைக்காலில் இடித்தது. தட்டுச் சரிந்து ரோல்ஸ் எல்லாம் அவர் மேல் கொட்டுண்டன. கை மட்டும் மேலே நின்றது. பந்து அதற்குள் இருந்தது. நழுவவிட்டேனா என்று கேட்பது மாதிரி என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அம்பயர் ஓடி வந்தார். கோனைப் பார்த்தார். அண்ணை கோனுக்கு வெளியே கிடந்தார். அம்பயர் இரண்டு கையையும் தலைக்கு மேலே நேராக உயர்த்தினார். அப்படி உயர்த்தினால் ஆறு ஓட்டம். நாங்கள் தோற்றோம்.

அண்ணை எழும்பினார். சட்டையில் ஒட்டிய துகளைத் தட்டிவிட்டு, நடுவுக்குப் போய் அங்கிருந்து எண்ணிக்கொண்டு திரும்பி வந்தார். தான் விழுந்த இடத்தில் நின்றார்.

"அம்பத்தேழு. எல்லை அறுபது. காலமை நான்தான் வைச்சனான். ஆரோ கோனை உள்ளுக்குத் தள்ளியிருக்கினம். வாங்கோ, நீங்களும் என்னோட ஒருக்கால் நடந்து பாருங்கோ."

அம்பயர் நடக்கவில்லை. "கோன் நிக்கிற இடம்தான் எல்லை," என்று சொல்லித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மருமகனை வெல்ல வைக்க அவரே காலால் கோனைத் தள்ளியிருப்பார் என்று அன்றைக்கே அண்ணையின் மனதில் விழுந்துவிட்டது.

கோனைத் தள்ளியது நான்.

மேற்கு மூலையில் ஒரு பெரிய மரம் நின்றது. காலையில் அதன் நிழல் மைதானத்துக்கு வெளியே கிடந்தது. மத்தியானம் திரும்பியதும் நிழல் உள்ளே போய்விட்டது, என் மேசை வெயிலுக்கு வந்துவிட்டது. ரோல்ஸ் வியர்க்கத் தொடங்கியது. மேசையை நிழலுக்குள் இழுத்தேன். கோன் இரண்டு இடைஞ்சலாக நின்றன. அவற்றையும் தூக்கி ஏழு காலடி உள்ளே வைத்தேன். அது எல்லை என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் அந்த மூலைக்கு எந்தப் பந்து வரப்போகிறது என்று நினைத்தேன். இடைவேளை நேரம், ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் வெற்றிக் கோப்பை போன ஆத்திரத்தில் நின்றார், பயமாக இருந்தது, அது ஒன்று. மற்றது, உண்மையைச் சொல்வதென்றால், அம்பயர் அந்த மத்தியானம் என் மேசைக்கு வந்து நாலு ரோல்ஸ் சாப்பிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, அத்தனை பெண்களுக்கு முன்னால் "தங்கச்சி, உப்புக் காணாது" என்று சொன்னவர். விடிய நாலு மணிக்கு எழும்பிச் சுருட்டிய இருநூறு ரோல்ஸ். பழி அவர் தலையில் விழுந்தபோது, கிடந்து அனுபவிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்குள்ளும் ஒரு அண்ணை இருந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அம்பயர் போகிற விசேஷம் ஒன்றையும் அண்ணை தவறவிடவில்லை. அழைப்பு இல்லாத வீடுகளுக்கும் எங்களோடு தொற்றிக்கொண்டு வருவார். சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவரை எழுப்பி, நீர்தான் விக்கெற் என்று சுவரோரம் நிறுத்துவார். அங்கிருந்து எண்ணத் தொடங்கி, மேசைகளுக்கு நடுவால் வளைந்து வளைந்து நடப்பார். எப்படித்தான் கணக்குப் போடுவாரோ, ஐம்பத்தேழாவது காலடி எப்போதும் அம்பயரின் கதிரைக்கு முன்னால் வந்து முடியும். "அம்பத்தேழு," என்பார். அவ்வளவுதான். திரும்பிப் போய் ஐஸ்கிறீம் சாப்பிடுவார். சனங்கள் சிரிக்கும். அம்பயர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஒருநாள் கொட்டுகிற மழையில் அம்பயர் கையை உயர்த்திக்கொண்டு பஸ் ஸ்டொப்பில் நின்றிருக்கிறார். ஓட்டி வந்தது அண்ணை. ஒரு அடி தள்ளி நிறுத்தி, கண்ணாடியால் ஆளைப் பார்த்து, கதவைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். முறைப்பாடு வந்து மேலதிகாரி விளக்கம் கேட்டபோது, அவர் ஸ்டொப் கோட்டுக்கு வெளியில் நின்றவர் என்று எழுதிக் கொடுத்தாராம். கோயில் நிர்வாகத்துக்கு அம்பயர் தலைவராகப் போட்டி போட்ட வருஷம், கோயிலுக்குப் பக்கத்துக் காணிக்காரனோடு எல்லை வேலிப் பிரச்சினை ஒன்று இருந்தது. பொதுக்கூட்டத்தில் அண்ணை எழும்பி மிகப் பணிவாக, ஐயாவுக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லத் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அம்பயர் தோற்றார். நான் பின் வரிசையில் இருந்து கை தட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கை வலிக்கத் தட்டினேன்.

பிறகுதான் அளவு தவறியது.

அம்பயரின் மகளுக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு சம்பந்தம் சரிவந்திருந்தது. எங்கள் ஆட்களுக்குள் கலியாணம் என்றால் விசாரிப்பு இல்லாமல் நடக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் எங்கள் பகுதியில் யாரைத் தெரியும் என்று பார்த்து, அண்ணைக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் சம்பந்தம் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் தாயை நான் எங்கள் பகுதிக் கடையில் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் கண்டேன். கையில் ஒரு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு அழுதார். தகப்பன் வழியில் கண் வருத்தம் இருக்கிறது, பிள்ளைக்கும் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். யாரென்று நான் கேட்கவில்லை. வாங்கின சாமானை அப்படியே வைத்துவிட்டு நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன்.

முன் முற்றத்தில் கார் கழுவிக்கொண்டு நின்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "தகப்பனுக்கு முன்னால இருக்கிறது தெரியாது, பரம்பரையோ தெரியாது எண்டனான். பிழையே?" என்றார் சாதாரணமாக. அந்தப் பிள்ளை என்ன செய்தது? அந்த ஆட்டம் நடந்தபோது அது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே, வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் கொட்டினேன். நிழல், மேசை, கோன், பயம், உப்பு, எல்லாம். என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டு போவது என்றுதான் சொன்னேன்.

அண்ணை துணியைப் பிழிந்து காரின் மேல் விரித்தார். பிறகு கேட்டார்.

"எத்தினை காலடி தள்ளினீர்?"

"ஏழு, அண்ணை."

"அறுவதில ஏழு போனா அம்பத்துமூண்டு. நான் விழுந்தது அம்பத்தேழு." அவருடைய முகம் மாறத் தொடங்கியது. "அப்ப மூண்டு காலடி உள்ளுக்கை. தங்கச்சி, அப்ப அது பிடி."

அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பதினெட்டு வருஷமாக ஊரே சிரித்த பிடிக்கு ஒரு சாட்சி வந்திருக்கிறது. அந்தச் சாட்சி செய்த துரோகம் அவருக்குக் கண்ணிலேயே படவில்லை. நான் விடவில்லை. அப்படியென்றால் அம்பயர் மேல் குற்றமில்லையே, அந்தப் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்தீர்களே என்றேன். கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொன்னார்.

"கோனைத் தள்ளினது நீர். சரி. ஆனா வந்து நடந்து பாருங்கோ எண்டு நான் கேட்டனானெல்லே. ஏன் நடக்கேல்லை?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோனுக்கும் அந்தக் கோபத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கோனை எடுத்துவிட்டாலும் கோபம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஹவுன்ஸ்லோவுக்குப் போன் பண்ணி, முதல் சொன்னது பொய் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் இன்றைக்கே எல்லோரிடமும் கோன் கதையைச் சொல்லுவேன் என்றேன். அவரை மிரட்டியதாகத்தான் நினைத்தேன். அவரோ பேரம் பேசினார். போன் பண்ணுகிறேன், ஆனால் கோன் கதையை நான் சொல்கிற நேரத்தில்தான் நீர் சொல்லவேண்டும் என்றார்.

"இப்ப சொன்னா அவர் ஏதும் மறுத்துக் கதைப்பார். நான் பெட்டியில கிடக்கேக்க சொல்லும். அவர் முன்னுக்கு இருக்கேக்க சொல்லும். செத்தவீட்டில ஒருத்தரும் மறுத்துக் கதைக்க ஏலாது."

என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். சொன்னபடி போனும் பண்ணினார். ஆனால் ஹவுன்ஸ்லோக்காரர் அதற்குள் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு நாலு வருஷம் கழித்துத்தான் கலியாணம் நடந்தது. அந்த நாலு வருஷத்தில் பாதி என் கணக்கு.

அன்றைக்குப் பிறகு அண்ணை கலியாணவீடுகளில் நடப்பதை நிறுத்திவிட்டார். மனுஷன் கனிந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் தெரியும், அவர் காத்திருந்தார். மண்டபத்தின் அந்தப் பக்கம் அம்பயர் இருப்பார், இந்தப் பக்கம் நான் இருப்பேன், அண்ணை இருவரையும் மாறி மாறிப் பார்த்து மெல்லச் சிரிப்பார். என் உடம்பில் அவருக்கு ஒரு பெரிய அக்கறை வந்துவிட்டது. பிரஷர் குளிசை போட்டீரா, மாடிப்படியில் பார்த்து இறங்கும், பனிக்குள் வெளியே போகாதேயும். "நீர் எனக்கு முந்தக் கூடாது, தங்கச்சி" என்பார். எனக்குத் தந்த தண்டனை அதுதான். ஆறு வருஷம் அந்தச் சத்தியத்தை ரோல்ஸ் தட்டோடு சேர்த்து வீடு வீடாகச் சுமந்தேன்.

போன மாசியில் ஒரு காலை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. அடுத்த நாள் அவருடைய மகள் வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. கையில் தகப்பன் எழுதி வைத்த தாள்.

"அன்ரி, அப்பா லிஸ்ட் ஒண்டு எழுதி வைச்சிருக்கிறார். ஸ்பீச்சுக்கு உங்கட பெயர் மட்டும்தான் இருக்கு. அந்த அம்பயர் அங்கிளை முன் வரிசையில இருத்தச் சொல்லியும் எழுதியிருக்கு. வொய்?"

அவள் தாளில் இருந்தபடி அம்பயருக்குத் தானே போன் பண்ணி அழைத்தாள். செத்தவீட்டு அழைப்பை யார் தட்டுவார்கள்? அம்பயர் கோட் போட்டு வந்து முன் வரிசையில் இருந்தார்.

தகன மண்டபத்தில் எங்களுக்கு முக்கால் மணித்தியாலம்தான். தேவாரம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுதிக்கொண்டு போன தாளைப் பார்க்கவில்லை. அம்பயரைப் பார்த்தே சொன்னேன். நிழல் திரும்பியது, மேசையை இழுத்தது, கோனை ஏழு காலடி தள்ளி வைத்தது. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். அண்ணை பந்தைப் பிடித்தது எல்லைக்குள் என்றேன். மூன்று காலடி உள்ளே. பிடியைப் பிடித்தவர் இதோ கிடக்கிறார், பார்த்தவள் நான் நிற்கிறேன் என்றேன். என் குரல் அப்படி ஒலிக்கும் என்று எனக்கே தெரியாது. அண்ணையின் பழி சரியாகப் போய் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டிக்குள் அவர் சிரித்துக்கொண்டு கிடப்பதாகவே எனக்குப் பட்டது.

அப்போது அம்பயர் எழும்பினார்.

மெதுவாக நடந்து பெட்டிக்கு முன்னால் போனார். அண்ணையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே நேராக உயர்த்தினார். கை சேரவில்லை, கும்பிடவில்லை. அன்றைக்கு மைதானத்தில் எப்படி உயர்த்தினாரோ அப்படியே. கிரிக்கெற் தெரியாத இரண்டு கிழவிகள் அவர் கும்பிடுகிறார் என்று நினைத்து விம்மினார்கள். என் பக்கம் திரும்பி, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"கோன் நிக்கிற இடம்தான் எல்லை, தங்கச்சி. என்ரை பிள்ளையின்ரை சம்பந்தம் குழம்பேக்க நீங்கள் எழும்பிக் கதைக்கேல்லை. இது சிக்ஸ்தான்."

நான் வாயைத் திறந்தேன். கதவடியில் நின்ற வெள்ளைக்கார மனுஷன் கைக்கடிகாரத்தைக் காட்டினான், அடுத்த செத்தவீட்டுக்காரர் வெளியே வந்து நிற்கிறார்கள். பெட்டியைச் சுற்றித் திரை மூடத் தொடங்கியது. மூடிய திரையைப் பார்த்துக்கொண்டு அம்பயர் கையை இறக்காமலே நின்றார். செத்தவீட்டில் ஒருத்தரும் மறுத்துக் கதைக்க ஏலாது என்று அண்ணை நம்பியிருந்தார். அந்த ஒரு இடத்தில் அவருடைய அளவு பிழைத்துவிட்டது.

பிறகு வேறு ஒரு மண்டபத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தோம். என் ரோல்ஸும் இருந்தது. அம்பயர் வந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். மேசையில் இருந்த உப்புக் குப்பியை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, கடித்த இடத்தில் மூன்று தரம் தட்டிப் போட்டுச் சாப்பிட்டார்.

அவர் சொன்னது விதிப்படி சரி என்று என் வீட்டுக்காரர்கூடச் சொல்லுகிறார். கோன் எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லையாம். அந்தப் பிள்ளைக்கு நடந்ததற்கு அவருக்கு என் மேல் ஆத்திரம் இருப்பதும் நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. என் அண்ணை பெட்டியில் கிடக்கும்போது, மறுமொழி சொல்ல வாயில்லாத நேரத்தில், அந்தப் பிடியை அம்பயர் இரண்டாம் தரம் பறித்தார். அவருடைய செத்தவீட்டிலும் யாராவது எழும்பிப் பேசத்தானே வேண்டும். என்ன பேசுவது என்று நான் யோசித்து வைத்துவிட்டேன். அதிகமில்லை, ஒரே ஒரு எண்தான்.

அம்பயருக்கு இப்போது எழுபத்தொன்று. எனக்கு ஐம்பத்தாறு. பிரஷர் குளிசையை நான் ஒரு நாளும் தவறவிடுவதில்லை.